ஏர்போர்ட் ஏன் மேடை மேல நிக்குது? தரையின் உயரத்தைத் தேடிய ஃப்ளைட் சிமுலேட்டர்களின் கதை

ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுறவங்களுக்கு இந்தக் காட்சியைச் சொல்லவே வேண்டாம். மற்றவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடுறேன். மலை எல்லாம் தாண்டி இறங்கி வர்றீங்க. ஆறு சரியான இடத்தில் ஓடுது, ரோடு சரியா வளையுது, ரன்வேயும் கண்ணுக்குத் தெரியுது. கிட்டப் போனா, ஏர்போர்ட் மட்டும் ஊரை விட முப்பது நாற்பது அடி உயரத்தில், கேக் துண்டு மாதிரி தனியா நிக்குது. நாலு பக்கமும் செங்குத்துச் சுவர். சில இடங்களில் இதுவே தலைகீழ். ஏர்போர்ட் கல்குவாரிக்குள்ள கிடக்கும், சுற்றியுள்ள மரங்கள் எல்லாம் மேலே இருந்து எட்டிப் பார்க்கும்.

கேட்டா "மெஷ் பிரச்சினை" என்று ஒரு வார்த்தையில் முடிச்சிடுவாங்க. மெஷ் என்பது சுலபமான விஷயம்தான். பூமியை வலை மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு உயரத்தைக் கொடுத்து, முடிச்சுகளை முக்கோணங்களால் இணைத்தால் மலையும் பள்ளத்தாக்கும் வந்துவிடும். அதுதான் டெரெயின் மெஷ். எனக்கு ஆர்வம் வந்தது வேறொரு கேள்வியில். மலை சரியா வருது, பள்ளத்தாக்கு சரியா வருது. எல்லோரும் அதிகமாகப் பார்க்கிற, அதிகமாக உழைப்பு போகிற ஏர்போர்ட் மட்டும் ஏன் திரும்பத் திரும்பத் தப்பா நிக்குது? இத்தனை வருடமா ஏன் இது தீரவில்லை?

இதை வெறும் பக் என்று சொல்வது நியாயமில்லை என்பது என் கட்சி. தரை என்பது யாரோ மேலே இருந்து அளந்து எடுத்த தகவல். ஏர்போர்ட்டின் உயரம் என்பது ஒரு மனிதர் எழுதி வைத்த எண். இரண்டும் வேறு வேறு வழியில், வேறு வேறு காலத்தில் வந்து, ரன்வேயின் ஓரத்தில் சந்திக்கின்றன. அந்தச் சுவர், அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தையல்.

தட்டையான உலகம்

புரூஸ் ஆர்ட்விக். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த எஞ்சினியர். 1975-ல் அவர் எழுதிய முதுகலை ஆய்வே கம்ப்யூட்டரில் விமானப் பறத்தலைக் காட்சியாகக் காட்டுவது பற்றித்தான். பிறகு சப்லாஜிக் என்ற கம்பெனி வழியாக, ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு முதல் ஃப்ளைட் சிமுலேட்டரைக் கொண்டுவந்தார். அதில் உலகம் என்பது 6-க்கு 6, மொத்தம் 36 கட்டங்கள். கோடுகளால் வரைந்த தரை. 1982-ல் மைக்ரோசாஃப்ட் அதை ஐபிஎம் பிசிக்குக் கொண்டுவந்தபோது சிகாகோ, சியாட்டில் மாதிரி நான்கு வட்டாரங்கள் வந்தன. சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்டு என்ற குட்டி ஏர்போர்ட்டில்தான் ஆட்டம் ஆரம்பிக்கும்.

(ஒரு கிளைக்கதை. அந்த மெய்க்ஸ் ஃபீல்டை 2003 மார்ச்சில் சிகாகோ மேயர் ராத்திரியோடு ராத்திரியாக புல்டோசர் விட்டு உடைத்தார். இன்று அது ஒரு பூங்கா. நிஜத்தில் இல்லாத அந்த ரன்வேயில் இறங்கத் தெரிந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.)

அந்தக் காலத்தில் மேடைப் பிரச்சினையே கிடையாது. காரணம், தரையே தட்டை. மலை என்பது தரை மேல் வைத்த ஒரு வடிவம், கட்டடம் மாதிரி. தரையில் உயரம் என்ற தகவலே இல்லாதபோது ஏர்போர்ட்டோடு அது சண்டை போட முடியாது.

சண்டை ஆரம்பித்தது 1990-களின் கடைசியில். 1996-ல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் ஜிடோப்போ30 என்ற தொகுப்பை முடித்தது. உலகம் முழுக்க, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒரு உயரப்புள்ளி. 1999-ல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் 2000-ல், உலகம் முழுக்க நிலத்துக்கு மேடு பள்ளம் வந்தது. வந்த உடனே நடந்த முதல் காரியம் என்ன தெரியுமா? அதற்கு முன்னால் ஆர்வலர்கள் வருடக்கணக்காக உட்கார்ந்து செய்து வைத்திருந்த ஏர்போர்ட்டுகளில் பெரும்பாலானவை பயன்படாமல் போயின. அவை எல்லாம் தட்டைத் தரைக்காகச் செய்தவை. உயரம் என்ற ஒன்று இருக்கும் என்று அவற்றுக்குத் தெரியாது.

ஒரு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என்றால், மூன்று கிலோமீட்டர் ரன்வேயின் நீளத்துக்கு மூன்று நாலு புள்ளிதான் கிடைக்கும். அதில் ஒரு புள்ளி பக்கத்துக் குன்றின் மேல் விழுந்தால் போச்சு, ரன்வே சறுக்குமரம் ஆகிவிடும். அதனால் ஒரு சமரசம் செய்தார்கள். ஏர்போர்ட்டைச் சுற்றி ஒரு எல்லை வரை, அதற்குள் தரை என்ன சொன்னாலும் காதில் வாங்காதே, இந்த ஒரே உயரத்துக்கு எல்லாவற்றையும் தட்டிச் சமமாக்கு. அந்த உயரம் எங்கிருந்து வரும்? விமானிகளுக்கான வரைபடத்தில் ஏர்போர்ட்டுக்கு ஒரு உயரம் அச்சாகியிருக்குமே, அதுதான். இதற்குப் பெயரே ஃப்ளாட்டன். அந்தக் காலத்து சீனரி.சிஎஃப்ஜி ஃபைலை நோட்பேடில் திறந்தால் இந்த ஃப்ளாட்டன் வரிகளைப் பார்க்கலாம். ஒரு உயரம், அதன் பின்னால் வரிசையாக அட்சரேகை தீர்க்கரேகை, அவ்வளவுதான்.

இதைக் கிண்டல் பண்ணாதீங்க. அந்தக் காலத்து கம்ப்யூட்டரில் இது சரியான முடிவு. தரை சமமாக இருந்தால் சக்கரம் தரையில் படுகிறதா என்று கணக்குப் போடுவது சுலபம். டாக்ஸிவேயில் ஊர்ந்து போகும் மற்ற விமானங்களுக்கு உயரம் பற்றிய கவலையே இல்லை. விளக்கு, கோடு, கட்டடம் எல்லாம் ஒரே மட்டத்தில் உட்காரும். நான் வேலையில் பார்த்த வரைக்கும், நல்ல காரணத்தோடு எடுத்த முடிவுகள்தான் ரொம்ப வருஷம் உயிரோட இருக்கும். காரணம் காலாவதியான பிறகும் முடிவு மட்டும் நின்றுவிடும்.

பதினோரு நாள், அறுபது மீட்டர் கம்பம்

2000 பிப்ரவரி 11. எண்டெவர் விண்வெளி ஓடம் கிளம்பியது. அதன் சரக்கு அறைக்குள் ஒரு ரேடார் ஆன்டெனா. மடித்து வைத்திருந்த கம்பம் ஒன்று விண்வெளிக்குப் போன பிறகு நீண்டு, 60 மீட்டர் தூரத்தில் இரண்டாவது ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றது. நமக்கு இரண்டு கண் இருப்பதால் தூரம் தெரிகிறது அல்லவா, கிட்டத்தட்ட அந்த யோசனைதான். இரண்டு ஆன்டெனாவுக்கும் வந்து சேரும் எதிரொலியின் சின்ன வித்தியாசத்தில் இருந்து தரையின் உயரத்தைக் கணக்கிடலாம். பதினோரு நாளில் பூமியின் நிலப்பரப்பில் 80 சதவீதத்தை அளந்து முடித்தார்கள். வடக்கே 60 டிகிரி முதல் தெற்கே 56 டிகிரி வரை. திட்டத்தின் பெயர் எஸ்ஆர்டிஎம். அமெரிக்காவுக்கு 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, மற்ற நாடுகளுக்கு 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று பொதுவெளிக்கு வந்தது. மற்ற நாடுகளின் 30 மீட்டர் தகவலையும் 2014-ல்தான் திறந்துவிட ஆரம்பித்தார்கள்.

சிமுலேட்டர் உலகத்துக்கு இது பெரிய வரம். ஆர்வலர்கள் இதை எடுத்து மெஷ் செய்து வெளியிட்டார்கள், கம்பெனிகள் விற்றன. மழுங்கிக் கிடந்த மலைகளுக்கு விளிம்பு வந்தது. கூடவே சுவர்களும் உயர்ந்தன.

இதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த திருப்பம். தரை மங்கலாக இருந்த காலத்தில் ஏர்போர்ட்டின் தப்பும் மங்கலாக இருந்தது. தரை துல்லியமாக ஆக ஆக, ஃப்ளாட்டன் செய்த துண்டு தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. அதனால்தான் காசு கொடுத்து நல்ல மெஷ் போட்டவர்களுக்கு, போடாதவர்களை விட அசிங்கமான ஏர்போர்ட் கிடைத்தது.

ரேடாரின் மேலும் பழி இருக்கிறது. எஸ்ஆர்டிஎம் பயன்படுத்திய அலை, அடர்ந்த மரங்களைத் துளைத்துக்கொண்டு தரை வரை போகாது. காடு இருந்தால் காட்டின் மேற்பரப்புதான் 'தரை'. நகரம் இருந்தால் கூரைகள். ரன்வே வெட்டவெளி. அப்படியென்றால் சுற்றியுள்ள மரங்களின் உயரம் தரையாகப் பதிவாகி, ஏர்போர்ட் மட்டும் குழிக்குள் போகும். அந்தக் கல்குவாரிக் காட்சிக்கு ஒரு முக்கியமான காரணம் இது. அதன் மேல் சிமுலேட்டர் இன்னொரு முறை மரம் நடும் என்பது தனிக் காமெடி. பெரிய ரன்வேயின் அகலம் பெரும்பாலும் 45 மீட்டர். 90 மீட்டர் வலையில் இரண்டு முடிச்சுகளுக்கு நடுவில் மொத்த ரன்வேயும் நழுவிவிடலாம். செங்குத்தான மலைகளில் ரேடார் நிழல் விழுந்து, தகவலே இல்லாத ஓட்டைகள் இருந்தன. அந்த ஓட்டைகளைச் சரியாக நிரப்பாமல் விட்டால், மலைச்சரிவின் நடுவில் ஊசி மாதிரி ஒரு கூர்முனையோ, கிணறு மாதிரி ஒரு குழியோ தெரியும்.

எஃப்எஸ்எக்ஸ் 2006-ல் வந்தது. சுமார் 24,000 ஏர்போர்ட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு உயரம். இதில் ஒரு வினோதம் உண்டு. ஒரு ஆட்-ஆன் ஏர்போர்ட் புது உயரத்தோடு வந்தால், அதை மேல் அடுக்கில் வைத்தால் மட்டும் போதாது. உயரம் விஷயத்தில் மட்டும் கீழே கிடக்கும் பழைய ஃபைல் சொன்னதுதான் செல்லும். அதனால் உருவாக்குபவர்கள், உயரத்தை மட்டும் சுமந்துகொண்டிருக்கும் ஒரு குட்டி பிஜிஎல் ஃபைலை சிமுலேட்டரின் சொந்த ஃபோல்டருக்குள் தனியாகப் போட்டு வைப்பார்கள். பல மாதம் கழித்து அந்த ஆட்-ஆனை நீக்குவீர்கள். குட்டி ஃபைல் அங்கேயே இருக்கும். பழைய ஏர்போர்ட் திரும்பி வந்து, இல்லாத ஆட்-ஆனின் உயரத்தில் மேடை கட்டி நிற்கும். எந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலும் தப்பு கண்ணில் படாது. புரொடக்‌ஷனில் நள்ளிரவு பக் தேடியவர்களுக்கு இந்த வலி தெரியும்.

இதை மொத்தமாகச் சரிசெய்ய வந்த கருவிகளே இன்னொரு அடுக்கு ஆனது. ஆர்ப்ஸ் கம்பெனியின் வெக்டர் என்ற தொகுப்பில் ஏர்போர்ட் உயரத் திருத்தம் என்ற வசதி வந்தது. மெஷ்ஷுக்கு ஏற்றபடி ஏர்போர்ட்டுகளின் உயரத்தை மாற்றிவிடும். நல்ல விஷயம். ஆனால் வேறொரு கம்பெனியின் ஏர்போர்ட்டை வாங்கிப் போட்டால், அந்த ஏர்போர்ட்டுக்கு மட்டும் திருத்தத்தை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் கட்டடம் ஒரு மட்டத்தில், தரை வேறு மட்டத்தில்.

எந்தக் கடலில் இருந்து உயரம்?

ஏர்போர்ட்டின் உயரம் 52 அடி என்று சொன்னால், எதிலிருந்து 52 அடி? கடல்மட்டம் என்று சொல்லிவிட்டுப் போயிடுவோம். இங்கேதான் கதை நம்ம ஊருக்கு வருது.

52 அடி என்பது சென்னை ஏர்போர்ட்டின் உயரம். ஏறக்குறைய 16 மீட்டர். ஒரு சின்னத் தகவல்: எஸ்ஆர்டிஎம் திட்டம் தனக்கு வைத்துக்கொண்ட பிழை வரம்பும் 16 மீட்டர்தான். நடைமுறையில் அதை விட நன்றாகவே அளந்தார்கள். ஆனாலும் காகிதத்தில், மீனம்பாக்கத்தின் மொத்த உயரமும் அனுமதிக்கப்பட்ட பிழைக்குள் அடங்கிவிடுகிறது.

ஏர்போர்ட்டுக்கு எதிரே பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்ப்டன் அந்த மலைப் பக்கத்தில் இருந்துதான் பெரும்பாக்கம் குன்று வரை எஃகுச் சங்கிலியை வைத்து ஒரு கோட்டை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல், 57 நாள். அந்தக் கோடு இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் மூடிய மாபெரும் அளவைப் பணியின் அடிக்கோடு ஆனது. பாருங்க, அப்பவும் முக்கோண வலைதான். அந்தப் பணியின் அளவுகளில் இருந்து ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ல் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணித உருவம் கொடுத்தார். இந்திய வரைபடங்கள் ரொம்ப காலம் அதன் மேல்தான் நின்றன. இந்தியாவின் உயரங்களுக்கோ, சென்னை, நாகப்பட்டினம் உட்பட 9 துறைமுகங்களில் அலைமட்டத்தை அளந்து கிடைத்த சராசரிக் கடல்மட்டம் அடிப்படை ஆனது.

ஜிபிஎஸ் இந்த வழிக்கே வரவில்லை. அதற்கு பூமி என்பது லேசாக அமுங்கிய, வழவழப்பான ஒரு கணிதப் பந்து. டபிள்யூஜிஎஸ் 84 என்று பெயர். நிஜக் கடல் அப்படி வழவழப்பாக இல்லை. ஈர்ப்பு விசை இடத்துக்கு இடம் மாறுவதால் கடல்மட்டம் அந்தப் பந்தை விட மேலும் கீழுமாக இருக்கும். உலகத்திலேயே பெரிய இறக்கம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில். அங்கே கடல்மட்டம் கணிதப் பரப்பை விடச் சுமார் 106 மீட்டர் கீழே கிடக்கிறது. சென்னை அந்த இறக்கத்தின் சரிவில் இருக்கிற ஊர். இங்கே வித்தியாசம் 80 மீட்டருக்கும் மேல். அதாவது கணிதப் பந்தைப் பொறுத்தவரை மீனம்பாக்கம் ரன்வே மைனஸ் 60 மீட்டருக்கும் கீழே.

ஆண்ட்ராய்டு ஆப் எழுதியிருக்கீங்களா? லொகேஷன் ஏபிஐ கொடுக்கும் ஆல்டிட்யூட் கணிதப் பந்தில் இருந்து அளந்த உயரம்தான். பெசன்ட் நகர் பீச்சில் நின்று அதைப் பிரிண்ட் பண்ணினா மைனஸில் வரும். போன் கெட்டுப்போகல, பயப்படாதீங்க.

எஸ்ஆர்டிஎம் தன் உயரங்களை, ஈர்ப்பு விசையைக் கணக்கில் எடுத்த கடல்மட்ட மாதிரி ஒன்றுக்கு மாற்றித்தான் வெளியிட்டது. எல்லாத் தகவலும் அப்படி வருவதில்லை. ஆட்-ஆன் செய்பவர் ஒருவர் கணிதப் பந்தின் உயரத்தில் இருக்கும் தகவலை எடுத்து, மாற்றாமல், வரைபடத்தில் அச்சான உயரத்தோடு ஒட்டினால் என்ன ஆகும்? ஐரோப்பாவில் ஐம்பது மீட்டர் அளவுக்குத் தப்பு வரலாம். நம்ம பக்கம் அதை விடப் பெரிசா வரும். இதே மாதிரி பக்கவாட்டிலும் உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, எல்லா நாடுகளும் டபிள்யூஜிஎஸ் 84-லேயே இடங்களைக் குறிக்க வேண்டும் என்று வைத்த நாள் 1998 ஜனவரி 1. அதற்கு முந்தைய அளவுகளை அப்படியே எடுத்தால், செயற்கைக்கோள் படத்தில் ஒரு ரன்வே, அதன் பக்கத்திலேயே சிமுலேட்டர் வரைந்த இன்னொரு ரன்வே.

சமமே இல்லாத ரன்வே

ஒரே உயரம் என்ற யோசனையை நேபாளத்தின் லுக்லா மொத்தமாக உடைத்துவிடும். எவரெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம். ரன்வே நீளம் 527 மீட்டர், சாய்வு 11.7 சதவீதம். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஏறக்குறைய 60 மீட்டர் உயர வித்தியாசம். இருபது மாடிக் கட்டடம் அளவு. அந்தச் சரிவு அங்கே ஒரு குறை இல்லை. ஏற்றம்தான் இறங்கும் விமானத்தை நிறுத்துது, இறக்கம்தான் கிளம்பும் விமானத்துக்கு வேகம் கொடுக்குது. அதை ஃப்ளாட்டன் பண்ணினால் அந்த ஏர்போர்ட்டின் அர்த்தமே போயிடும். அதனால் எஃப்எஸ்எக்ஸ் காலத்தில் சிலர் ரன்வேயைத் தரையாக வைக்காமல், சக்கரம் படக்கூடிய ஒரு 3டி மாடலாகச் செய்து சரிவில் சாய்த்து வைத்தார்கள். நீங்க இறங்கலாம். ஏர்போர்ட் சமம் என்று நம்பிக்கொண்டிருக்கும் மற்ற விமானங்களுக்கு மட்டும் அது புரியாது.

எக்ஸ்-பிளேன் இந்தப் பிரச்சினையை நேர்மையாகக் கையாண்டது என்பேன். ரன்வே தரையின் வளைவைப் பின்பற்றட்டுமா வேண்டாமா என்று செட்டிங்கில் ஒரு டிக் பெட்டியை வைத்து உங்க கையில் கொடுத்துவிட்டார்கள். டிக் போட்டால் சாய்வான ரன்வே கிடைக்கும். கூடவே மெஷ்ஷில் இருக்கும் குண்டு குழி எல்லாம் ரன்வேக்கு வந்து, விமானம் மாட்டு வண்டி மாதிரி குலுங்கும். எடுத்துவிட்டால் வழவழப்பு கிடைக்கும், மேடையும் கிடைக்கும். குறிப்பிட்ட ஏர்போர்ட் ஒன்றை மட்டும் எப்போதும் சமமாக்கு என்று அதன் தகவலிலேயே குறித்து வைக்கவும் வழி உண்டு.

2020 ஆகஸ்ட் 18-ல் புதிய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. பிங் வரைபடம், 37,000 ஏர்போர்ட், பெட்டாபைட் கணக்கில் தகவல். வந்த சில நாளில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் வீடுகளுக்கு நடுவில் ஒரு ஒல்லியான கோபுரம் வானத்தை முட்டி நின்றது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரோ ஒருவர் ஒரு கட்டடத்துக்கு 2 மாடி என்று போட வேண்டிய இடத்தில் 212 என்று தட்டியிருந்தார். வரைபடத்தில் அதை வேறொருவர் திருத்தியாகிவிட்டது. சிமுலேட்டர் எடுத்து வைத்திருந்தது திருத்தத்துக்கு முந்தைய நகல். மெஷ்ஷில் நடப்பதும் இதேதான். இன்று உங்க ஏர்போர்ட்டில் மட்டும் புதுசா ஒரு சுவர் முளைத்திருந்தால், டிஸ்க்கில் தங்கியிருக்கும் ரோலிங் கேஷை முதலில் அழித்துப் பாருங்க. பிறகு ஒரே ஏர்போர்ட்டுக்கு இரண்டு ஆட்-ஆன் கம்யூனிட்டி ஃபோல்டரில் கிடக்கிறதா என்று பாருங்க. பாதி நேரம் இதிலேயே முடிஞ்சிடும்.

அந்த வெளியீட்டுக்குப் பதினோரு நாள் முன்னால், ஆகஸ்ட் 7 அன்று, கோழிக்கோடு ஏர்போர்ட்டில் மழையில் இறங்கிய விமானம் ரன்வே முடிவைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. 21 பேர் இறந்தார்கள். 2010 மே 22-ல் மங்களூரில் அதே மாதிரி ஓடித் தாண்டிய விமானத்தில் 158 பேர். இரண்டும் குன்றின் தலையைச் சீவிக் கட்டிய டேபிள்டாப் ஏர்போர்ட்டுகள். இங்கே மேடைதான் நிஜம். சுவர் மாதிரி இறங்கும் ஓரம்தான் நிஜம். 90 மீட்டர் மெஷ் அந்த ஓரத்தை மழுக்கி, மெதுவான சாய்வாகக் காட்டும். 'அசிங்கமான' மேடையைத் தானாகச் சரிசெய்யும் கருவி ஒன்றை மங்களூர் மேல் ஓட்டினால், அந்த ஊரில் விமானிகள் பயப்பட வேண்டிய ஒரே விஷயத்தை அது அழித்துவிடும். அதனால்தான் மேடையைப் பார்த்த உடனே திருத்த வேண்டாம், அந்த இடத்தின் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்க என்கிறேன்.

காக்பிட்டுக்குள் இருக்கும் மெஷ்

டெரெயின் மெஷ் விளையாட்டில் மட்டும் இருக்கிற பொருள் இல்லை. இன்று நீங்க ஏறும் பயணிகள் ஜெட் விமானத்துக்குள்ளும் ஒன்று இருக்கிறது.

டான் பேட்மேன் என்ற எஞ்சினியர். நல்ல நிலையில் இருக்கும் விமானம், விமானிக்குத் தெரியாமலே மலையில் போய் மோதுவதைத் தடுப்பதே அவருடைய வாழ்நாள் வேலை. அவருடைய முதல் கருவி ரேடியோ அலையால் நேர் கீழே மட்டும் பார்க்கும். தரை வேகமாக நெருங்கினால் கத்தும். எதிரே செங்குத்தாக நிற்கும் மலை அதற்குத் தெரியாது. 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, வழி தவறி மலையில் மோதியது. 159 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை வந்தது, மோதுவதற்குச் சுமார் 12 நொடிக்கு முன்னால். போதவில்லை.

பேட்மேன் குழு அடுத்த கருவியை ஏற்கனவே செய்துகொண்டிருந்தது. உலகத்தின் தரை உயரங்களை விமானத்துக்குள்ளேயே வைத்து, ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு முன்னாலேயே எச்சரிக்கும் கருவி. உலகத்தின் உயரத் தகவலுக்கு எங்கே போவது? எஸ்ஆர்டிஎம் பறக்க இன்னும் பல வருஷம் இருந்த காலம். சோவியத் யூனியன் உடைந்த பிறகு, ராணுவ ரகசியமாக இருந்த சோவியத் உயரத் தகவல்களை விலைக்கு வாங்கினார்கள். 1996-ல் கருவிக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் குழு வேலை செய்த ஊர் வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்ட். 1995 கடைசியில் மைக்ரோசாஃப்ட் ஆர்ட்விக்கின் கம்பெனியை வாங்கி, சிமுலேட்டர் குழுவைக் கொண்டுவந்து உட்கார வைத்ததும் அதே ரெட்மண்ட்தான். ஒரே ஊரில் இரண்டு குழு, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வலை.

இரண்டு பேருக்கும் ஒரே தையல் பிரச்சினையும் வந்தது. தரையை நெருங்கினால் கத்து என்று சொல்லி வைத்த கருவி, ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கத்துமே? அதனால் அதற்குள் ரன்வேக்களின் பட்டியல் தனியாக இருக்கிறது. ஒவ்வொரு ரன்வேயைச் சுற்றியும் கிண்ணம் மாதிரி ஒரு பகுதி. ரன்வேயை நெருங்க நெருங்க எவ்வளவு தாழ்வாகப் பறக்கலாம் என்ற எல்லையும் இறங்கிக்கொண்டே வரும். சிமுலேட்டரில் ஃப்ளாட்டன் செய்ததை இங்கே வேறு விதமாகச் செய்கிறார்கள்: இந்த எல்லைக்குள் தரை நெருங்கினால் அது ஆபத்து இல்லை, ஏர்போர்ட்.

2010 ஏப்ரல் 10. போலந்து அதிபரோடு கிளம்பிய டியூ-154 விமானம் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் வடக்கு விமானத்தளத்துக்கு அடர்ந்த மூடுபனியில் இறங்கியது. அது ராணுவத் தளம். விமானத்தில் இருந்த கருவியின் பட்டியலில் அந்த ரன்வே இல்லை. கருவியைப் பொறுத்தவரை அங்கே கிண்ணமே கிடையாது, வெறும் தரைதான். அதனால் அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. முதலில் "டெரெயின் அஹெட்", பிறகு "புல் அப்". ஓடுபாதையே பட்டியலில் இல்லாத இடத்தில், சரியாக இறங்கினாலும் இந்தக் குரல் கத்தியிருக்கும். விமானம் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே போய், மரங்களில் மோதி விழுந்தது. விபத்துக்கு மூடுபனியில் இருந்து விமானிகளின் முடிவு வரைக்கும் பல காரணங்களை விசாரணை எழுதியது. இறந்தவர்கள் 96 பேர். விமானத்தில் இருந்த எல்லோரும்.